எண் தரும் வாக்கும் அதைக் காக்கும் உழைப்பும்

2021 அக்டோபரில் பைத்தான் 3.10 வெளிவந்தபோது பல நிரல்கள் அதை 3.1 என்று படித்தன. பதிப்பைக் குறிக்கும் சரத்தின் முதல் மூன்று குறிகளை மட்டும் வெட்டியெடுத்து ஒப்பிட்ட நிரல்கள் அவை. 3.9 வரை அந்தக் குறுக்குவழி பழுதில்லாமல் ஓடியது. தானியங்கிச் சோதனைகளுக்கான யாமல் கோப்புகளில் மேற்கோள்குறி இல்லாமல் 3.10 என்று எழுதியவர்களுக்கும் இதே சிக்கல். யாமல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு கடைசிப் பூச்சியத்தைக் கழற்றிவிட்டது. பைத்தான் குழு இதில் எந்த வாக்கையும் மீறவில்லை. ஒன்பதுக்கு அடுத்துப் பத்து வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தவை நின்றன.

பதிப்பு எண்ணை இன்று மனிதர்களைவிட இயந்திரங்களே அதிகம் படிக்கின்றன. பிப், என்பிஎம், கார்கோ போன்ற கருவிகள் அந்த எண்ணை மட்டும் பார்த்து எந்த நூலகத்தை இறக்கலாம், எதை விடலாம் என்று முடிவெடுக்கின்றன. பல நேரங்களில் அந்த முடிவை எந்தக் கண்ணும் பார்ப்பதில்லை. இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் எண் உண்மையில் எதைச் சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது, சொன்னதைக் காப்பாற்றுவது யார் என்ற கேள்விகளுக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் திறமூல உலகம் பல விடைகளை முயன்று பார்த்திருக்கிறது. அவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்று. எண்ணை எப்படிப் போடுவது என்ற விவாதத்துக்கு அடியில், மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்ற வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

நூலகம் என்பது பிறர் எடுத்துப் பயன்படுத்துவதற்காக எழுதிவைத்த நிரல். அதை வெளியிலிருந்து அழைக்கும் வழிகளின் தொகுப்பே ஏபிஐ: ஃபங்ஷன்களின் பெயர்கள், அவற்றுக்குக் கொடுக்கும் உள்ளீடுகள், திரும்பிவரும் விடைகள். இதில் ஒன்று மாறினால் அழைத்தவரின் நிரல் உடையலாம். கம்பைல் செய்து முடித்த கோப்புகளின் மட்டத்தில் இதற்கு இணையான ஓர் இணக்கமும் உண்டு. இதை இங்கே இருமநிலை இணக்கம் என்று சொல்கிறேன்.

யூனிக்ஸ் உலகில் எண்ணுக்கும் வாக்குக்கும் இடையிலான உறவு முதலில் இறுகியது இந்த இருமநிலையில்தான். ஒரே நூலகக் கோப்பைப் பல நிரல்கள் ஓடும் நேரத்தில் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியபோது, கோப்பின் பெயரோடு சோநேம் எனப்படும் எண் ஒன்று ஒட்டிக்கொண்டது. இணக்கம் முறிந்தால்தான் அந்த எண் மாற வேண்டும். லினக்ஸின் அடித்தளமான குனூ சி நூலகம், கிளிப்சி, 1997 முதல் 6 என்ற அதே எண்ணோடு இருக்கிறது. உள்ளே எதுவும் மாறவில்லை என்பதால் அல்ல. சன் நிறுவனத்தின் சோலாரிஸில் பிறந்த ஒரு முறையை எடுத்து வளர்த்து, ஒரே ஃபங்ஷனின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒரே கோப்புக்குள் வெவ்வேறு பதிப்பு முத்திரைகளோடு வைத்திருக்கிறார்கள். பழைய நிரல் பழையதை அழைக்கும். புதிதாகக் கம்பைல் செய்தது புதியதை அழைக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சோதனை 2010இல் வந்தது. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற ஃபங்ஷனை, புதிய இன்டெல் செயலிகளில் வேகமாக ஓடும்படி கிளிப்சியில் திருத்தி எழுதினார்கள். எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு மெம்மூவ் என்ற வேறொன்று உண்டு என்று சி மொழியின் தரநூல் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பழைய மெம்காப்பி, அப்படிப் படிந்திருந்த பல இடங்களிலும் தற்செயலாகச் சரியான விடையைத் தந்துகொண்டிருந்தது. புதியது பின்னாலிருந்து முன்னோக்கி நகலெடுத்தது. லினக்ஸ் வழங்கலான ஃபெடோரா 14இன் பயனர்களின் கணினிகளில் அடோபி ஃபிளாஷ் வழியாக வந்த ஒலி கரகரக்கத் தொடங்கியது.

விதிப்படி தவறு ஃபிளாஷில்தான். கிளிப்சி தரப்பினர் அதைத்தான் சொன்னார்கள். லினக்ஸ் கருனலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு சாதாரணப் பயனராக அந்த வழு அறிக்கைக்குள் நுழைந்து, பயனரின் கணினியில் நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் தரநூலைக் காட்டித் தப்பிக்க முடியாது என்ற நிலையில் நின்று வாதாடினார். 2011இல் வந்த கிளிப்சி 2.14 இதற்கு ஒரு வழி கண்டது. ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட நிரல்கள் மெம்காப்பியை அழைத்தால் பாதுகாப்பான மெம்மூவ் ஓடும். புதிதாகக் கம்பைல் செய்பவர்களுக்கு வேகமான புதிய வடிவம் கிடைக்கும். இதற்கும் ஒரு விலை இருந்தது. புதிய கணினியில் கம்பைல் செய்த நிரலைப் பழைய லினக்ஸ் கணினிக்கு எடுத்துச் சென்றால், 2.14 முத்திரையுள்ள மெம்காப்பியைக் காணோம் என்று அது ஓட மறுத்தது. இத்தனைக்கும் எந்தப் பெயரும் மாறவில்லை, எந்த உள்ளீடும் மாறவில்லை, ஆவணத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஒரு நகலெடுப்பின் திசை மட்டும் மாறியது.

இந்த அனுபவத்தோடுதான் செம்வெர் எனப்படும் பொருண்மைப் பதிப்பு முறையைப் பார்க்க வேண்டும். கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்த முறை இது. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அதன் 2.0.0 வடிவம் 2013இல் வந்தது. எண்ணுக்கு மூன்று பகுதிகள். இணக்கம் முறியும் மாற்றம் வந்தால் முதல் எண் ஏறும். பழையதை உடைக்காமல் புதிய வசதி சேர்ந்தால் நடு எண். வழுத் திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண். முதல் எண் 0 ஆக இருக்கும்வரை எதுவும் எப்போதும் மாறலாம். பலர் மறந்துவிடும் ஒரு நிபந்தனை அந்த விதிகளின் தொடக்கத்திலேயே இருக்கிறது: இந்த முறையைப் பயன்படுத்தும் நூலகம் தன் பொது ஏபிஐ எது என்று அறிவிக்க வேண்டும். எல்லையை வரையாமல் எல்லை மீறலை எண்ணால் குறிக்க முடியாது. ஆனால் நடைமுறையில் ஏராளமான நூலகங்கள் எண்ணைப் போடுகின்றன, எல்லையை வரைவதில்லை.

எல்லையை வரைந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. ஒரு நூலகத்துக்குப் போதுமான அளவு பயனர்கள் சேர்ந்துவிட்டால், ஆவணத்தில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும், வெளியே தெரியும் அதன் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்பது அதன் சாரம். கோ மொழியை வடிவமைத்தவர்கள் இந்த ஆபத்தை முன்கூட்டியே அடைத்தார்கள். மேப் எனப்படும் தரவுக் கட்டமைப்பைச் சுற்றிவரும்போது உறுப்புகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு உறுதியில்லை என்று எழுதிவைத்ததோடு நிற்கவில்லை. 2012இல் வந்த கோ 1 முதல் அந்த வரிசையை வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் கலைத்துப்போட்டார்கள். நம்பக் கூடாததை யாரும் நம்பவே முடியாதபடி செய்தது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. நேர்மையான ஆவணத்தைவிட நேர்மையான நடத்தை பயனரை நன்றாகக் காக்கிறது.

சேர்ப்பது யாரையும் உடைக்காது என்ற நம்பிக்கையும் முழு உண்மை அல்ல. 2024 ஜூலையில் வந்த ரஸ்ட் மொழியின் 1.80 பதிப்பு தன் அடிப்படை நூலகத்தில் ஒரு சிறு வசதியைச் சேர்த்தது, எதையும் நீக்கவில்லை. அதுவரை ஒரே ஒரு விடை மட்டுமே சாத்தியமாக இருந்த இடத்தில் கம்பைலருக்கு இப்போது இரண்டு சாத்தியங்கள் தெரிந்தன. எது என்று எழுதித் தராத நிரல்களை அது ஏற்க மறுத்தது. பரவலாகப் பயன்படும் டைம் என்ற நூலகத்தின் பழைய பதிப்புகள் அதில் சிக்கின. திருத்திய பதிப்பு சில மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. ஆனால் பூட்டுக் கோப்பில் பழைய எண்ணை உறைய வைத்திருந்த திட்டங்களை அது எட்டவில்லை. நிலைத்தன்மைக்காகவே போட்ட பூட்டு, அந்த ஒரு முறை உடைவுக்குள் அவர்களை நிறுத்திவைத்தது. ரஸ்ட் இந்த விஷயத்தில் அலட்சியமான சமூகம் அல்ல. பொதுக் களஞ்சியத்தில் உள்ள நூலகங்களையெல்லாம் புதிய கம்பைலரோடு கட்டிப் பார்க்கும் கிரேட்டர் என்ற கருவியை அவர்கள்தான் நடத்துகிறார்கள். உடைவு வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. பாதிப்பைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள்.

எண்கள் எவ்வளவு உண்மை பேசுகின்றன என்பதை அளந்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ஜாவா நூலகங்களின் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் 22,000க்கும் மேற்பட்ட நூலகங்களை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு வெளியீட்டில் இணக்கத்தை முறிக்கும் மாற்றம் ஒன்றாவது இருப்பதாகக் கண்டது. நடு எண் ஏறிய வெளியீடுகளுக்கும் முதல் எண் ஏறியவற்றுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை என்றும் சொன்னது. சில ஆண்டுகள் கழித்து வேறொரு குழு அதே களஞ்சியத்தை மீண்டும் ஆராய்ந்து, 83.4 விழுக்காட்டு மேம்படுத்தல்கள் விதியை மதிக்கின்றன என்றும், முறிக்கும் மாற்றங்களால் உண்மையில் பாதிக்கப்பட்ட பயனர் நிரல்கள் 7.9 விழுக்காடு மட்டுமே என்றும் சொன்னது. முறிந்த பகுதிகளில் பெரும்பாலானவற்றை யாரும் பயன்படுத்தவே இல்லை. இரண்டாம் ஆய்வைக் கொண்டு முதலாவதை ஒதுக்கிவிடத் தோன்றும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். நூறு நூலகங்களைச் சார்ந்திருக்கும் ஒரு திட்டத்துக்கு 7.9 சிறிய எண் அல்ல. மேலும் இவை கையொப்ப மாற்றங்களை மட்டுமே பிடிக்கும் அளவீடுகள். மெம்காப்பியின் திசை மாற்றத்தை இவ்வகைக் கருவி எதுவும் கண்டிருக்காது.

உடைப்பது எப்போதுமே தவறு என்று வாதிடவில்லை. தமிழில் நிரல் எழுதுபவர்களுக்கு இதற்கு ஒரு நேரடிச் சான்று உண்டு. பைத்தான் 2இல், யூடிஎஃப்-8 கோப்பில் சாதாரணச் சரமாக எழுதிய ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று விடை வரும். அது பைட்டுகளை எண்ணியது. பைத்தான் 3 அதற்கு 5 என்கிறது. அது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் மூன்று எழுத்துகளைப் பெற ஓப்பன்-தமிழ் போன்ற நூலகம் இன்னும் தேவைதான். ஆனால் எழுத்தையும் பைட்டையும் ஒன்றாகக் குழப்பிய அடித்தளத்தின் மேல் அப்படி ஒரு நூலகத்தைக் கட்டுவதே வேதனை. ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு அந்தக் குழப்பம் கண்ணில் படாமலே போயிருக்கலாம். நமக்கு அது முதல் வரியிலேயே பட்டது. 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 செய்த முறிவு, நம்மைப் போன்ற மொழியினருக்கு நியாயமான முறிவு.

முறித்த விதம்தான் பன்னிரண்டு ஆண்டுகளை விழுங்கியது. ஒரே நிரல் இரண்டு பதிப்புகளிலும் ஓடுவதைத் தொடக்கத்தில் மிகக் கடினமாக்கிவிட்டார்கள். ஒரு நூலகம் மாற வேண்டுமானால் அது சார்ந்திருக்கும் நூலகங்கள் எல்லாம் முதலில் மாறியிருக்க வேண்டும். அவற்றின் பயனர்களோ இன்னும் பழையதில் இருந்தார்கள். யூனிகோடு சரத்துக்கு முன் இடும் யூ என்ற எழுத்து 3.0இல் நீக்கப்பட்டு, 2012இல் 3.3 பதிப்பில் திரும்ப வந்தது. பைட்டுகளை விழுக்காட்டுக் குறியால் வடிவமைக்கும் வசதி 2015இல் 3.5இல்தான் திரும்பியது. இப்படி இரண்டு கரைகளுக்கும் நடுவே பாலம் போட்ட பிறகே போக்குவரத்து சீரானது. 2015இல் முடிவதாக இருந்த 2.7இன் ஆதரவை 2020 வரை நீட்ட வேண்டியிருந்தது.

மறைகுறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கதையை இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். நெடுங்காலம் அதன் உள்கட்டமைப்புகள் வெளியே திறந்து கிடந்தன. பயனர்கள் நேராக உள்ளே கையை விட்டு எடுத்தார்கள். 2016இல் வந்த 1.1.0 அவற்றை மூடியது. எண்ணளவில் நடு எண்ணின் ஏற்றம்; விளைவில் பெரிய முறிவு. 2017இல் வந்த டெபியன் லினக்ஸ் வெளியீடு பழையதையும் புதியதையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த மூடலுக்குப் பிறகு உள்ளே மாற்றும் சுதந்திரம் பராமரிப்பவர்களுக்குக் கிடைத்தது. 2021இல் 3.0 வந்தபோதுதான் அவர்கள் எண்ணையும் ஒழுங்கான முறைக்குக் கொண்டுவந்தார்கள்.

செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டவர்களில் லினக்ஸ் கருனல் முதன்மையானது. பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாச் சட்டம் போல நிற்கிறது. அதே கருனலின் உள்ளே எந்த நிலைத்தன்மையும் கிடையாது. உள் ஏபிஐ எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் கருனலோடு சேர்ந்தே வருகிறது. முதல் பார்வையில் முரணாகத் தெரியும் இவ்விரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள். உள்ளே ஓர் ஏபிஐயை மாற்றுபவர், கருனல் மரத்தில் அதை அழைக்கும் இடங்களையெல்லாம் தானே திருத்தித் தர வேண்டும். வெளியே இருக்கும் நிரல்களை அவரால் திருத்த முடியாது, எனவே தொடக் கூடாது. இரு பக்கத்திலும் செலவு மாற்றுபவருடையது. கருனலின் பதிப்பு எண்ணில் இதன் சுவடே இல்லை. 3.0, 4.0, 5.0 என்ற தாவல்கள் எந்த முறிவையும் குறிக்கவில்லை. எண்கள் நீண்டு போனதால் முதல் எண் ஏறியது.

இணையவழித் தரவைக் கொண்டுவரும் கர்ல் நூலகமும் இந்த வகையே. அதன் இருமநிலை இணக்கம் கடைசியாக முறிந்தது 2006இல், 7.16.0 பதிப்பில். 2023 மார்ச் 20 அன்று, கர்லின் 25ஆம் பிறந்தநாளில், அதை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் 8.0.0 வெளியிட்டபோதும் எதுவும் முறியவில்லை. செம்வெரின் கண்ணாடி வழியாக மட்டும் பார்க்கும் கருவிக்கு அது ஆபத்தான வெளியீடு. தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது ஹார்ஃப்பஸ். ‘கொ’ என்று எழுதும்போது ககரத்தின் இருபுறமும் குறிகளைச் சரியாக அமர்த்தும் வேலையைக் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபிஸ் ஆகியவற்றில் செய்வது அதுதான். அதன் பதிப்பு எண் பத்தைத் தாண்டிவிட்டது. சோநேமில் உள்ள எண் இன்னும் 0. பூச்சியம் என்றால் பக்குவப்படாதது என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, இவ்வளவு காலம் முறியாத வாக்கு அந்தப் பூச்சியத்தில் இருப்பது தெரியாது.

கோ மொழி வேறொரு வழியில் போனது. ஒரு நூலகத்தின் முதல் எண் 2க்கு ஏறினால், அதை அழைக்கும் பாதையிலேயே அந்த எண் இடம்பெற வேண்டும். அதாவது முறிந்த நூலகம் வேறொரு நூலகமாகிறது, இரண்டும் ஒரே நிரலில் சேர்ந்து வாழலாம். பைத்தான் 3இல் விடுபட்ட பாலம் இங்கே விதியாகவே கட்டப்பட்டது. 2024இல் கோ 1.22, சுற்று மாறியின் நடத்தையை மாற்றியபோதும், தன் கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று அறிவித்த நிரல்களுக்கு மட்டுமே புதிய நடத்தை பொருந்தியது.

எல்லாச் சமூகங்களும் ஒரே முடிவுக்கு வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. 2016இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்லிப்ஸ், ஆர் மொழியின் கிரான், என்பிஎம் ஆகிய மூன்று நிரல் சமூகங்களையும் ஒப்பிட்டார்கள். எக்லிப்ஸில் பழையதை உடைக்காமலிருப்பதே தலையாய மதிப்பு. சுமை நூலகத்தை எழுதியவருக்கு. கிரானில் நிறுவுபவருக்கு எல்லாம் ஒன்றோடொன்று ஓட வேண்டும். தன்னைச் சார்ந்த நூலகங்களைச் சோதித்து அவற்றின் ஆசிரியர்களுக்கு முன்கூட்டிச் சொல்வது மாற்றுபவரின் கடமை. என்பிஎம்மில் எழுதுபவர் விரைவாக மாற்றலாம். எண் ஏறும், தாக்கத்தைக் கீழே இருப்பவர் பார்த்துக்கொள்வார். மூன்றாவது வழக்கமே இன்று பெருகிவிட்டது என்பது என் கவலை. அது தேர்ந்தெடுத்து வந்ததாகவும் தெரியவில்லை. கருவி எளிதாக்கியதால் வந்தது.

இந்தக் கவலை வசதி பற்றியது மட்டுமல்ல. 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தில் பெரும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, அந்த ஒரே மாதத்தில் 2.15.0 தொடங்கி 2.17.1 வரை திருத்தங்கள் வந்தன. அவை ஓட ஜாவா 8 தேவை. ஜாவா 7, ஜாவா 6 ஆகியவற்றிலேயே நின்றுவிட்டவர்களுக்காக 2.12, 2.3 வரிசைகளில் தனித் திருத்தங்களைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தயாரித்தார்கள். மேம்படுத்தினால் உடையும் என்ற அச்சம் ஒருவரைப் பழைய பதிப்பில் நிறுத்தும்போது, அவர் கதவு திறந்த வீட்டில் இருக்கிறார். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைத்த பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டபோது நிலைமை நேரெதிர்: புதியதை உடனே எடுக்காத டெபியனின் நிலையான வெளியீடு தப்பியது. இரண்டு நிகழ்வுகளிலும் எண்கள் விதிப்படியே இருந்தன.

2024 ஜூனில் வந்த, பைத்தானின் எண்கணக்கீட்டு நூலகமான நம்பையின் 2.0, இந்தப் பாடங்களைப் படித்தவர்கள் செய்த முறிவு. 2006இன் 1.0க்குப் பிறகு முதல் எண் ஏறியது அப்போதுதான். இருமநிலை இணக்கமும் முறிந்தது. ஆனால் 2.0ஐ வைத்துக் கட்டிய நூலகம் பழைய 1.x பதிப்புகளோடும் ஓடும்படி செய்திருந்தார்கள். எனவே எல்லோரும் ஒரே நாளில் நகர வேண்டியதில்லை. நீக்கப்பட்ட பெயர்களைக் கண்டுபிடித்துத் தானாகவே மாற்றித் தரும் விதி ஒன்றும் ரஃப் என்ற கருவியில் சேர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2க்குக் கீழே மட்டும் என்ற வரம்பை எழுதிவைத்துவிட்டு, பராமரிக்க ஆளில்லாமல் நிற்கும் சிறு நூலகங்கள் உண்டு. அந்த ஒரு வரியை நீக்க யாராவது ஒருவர் சோதனைகளை ஓட்டி, விடைகளை ஒப்பிட்டு, புதிய பதிப்பை வெளியிட வேண்டும். பெரிய நூலகங்களுக்கு வரத் தொடங்கியிருக்கும் நிதி, அவற்றைச் சார்ந்து நிற்கும் இந்தச் சிறு நூலகங்களுக்கும் இந்த வேலையின் பெயராலேயே போய்ச் சேர வேண்டும். புதிய வசதிக்கு என்று கேட்டால் கிடைக்கும் பணம், பழையதை உடையாமல் வைத்திருப்பதற்கு என்று கேட்டாலும் கிடைக்க வேண்டும்.